அன்னதானப் பலகையும் கல்லாப் பெட்டியும்

1991 செப்டம்பரில் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தான் எழுதிய லினக்ஸ் கெர்னலின் 0.01 பதிப்பை இணையத்தில் ஏற்றினார். அதற்கான உரிமத்தையும் அவரே எழுதியிருந்தார். மூலநிரலை யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். கொடுக்கும்போது மூலநிரலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஆனால் அதற்காகக் காசு வாங்கக் கூடாது, கைச்செலவு என்ற பெயரில்கூட.

நல்ல மனத்தோடு எழுதிய அந்தக் கடைசி நிபந்தனை சில மாதங்களிலேயே இடித்தது. அன்று வீட்டுக்கு வீடு இணையம் இல்லை. நிரல்கள் ஃப்ளாப்பியில் ஏறித்தான் கைமாறின. கணினி ஆர்வலர் கூட்டத்துக்கு ஒரு பெட்டி ஃப்ளாப்பி வாங்கிவந்து, மணிக்கணக்கில் உட்கார்ந்து பிரதி எடுத்துக் கொடுப்பவர் ஃப்ளாப்பி விலையையும் தன் உழைப்புக்கு ஒரு சிறு தொகையையும் கேட்டால், உரிமத்தின்படி அவர் குற்றவாளி. லினக்ஸைப் பரப்ப நினைத்தவர்களின் கையைத்தான் அந்த வரி கட்டிப்போட்டது. டோர்வால்ட்ஸ் பிடிவாதம் பிடிக்கவில்லை. 0.12 பதிப்போடு மாற்றத்தை அறிவித்து, 1992 பிப்ரவரி 1 முதல் லினக்ஸை ஜிபிஎல் உரிமத்துக்குக் கொண்டுவந்தார். அதன் பிறகு விற்கவும் யாருக்கும் தடையில்லை, மூலநிரலை மட்டும் மறைக்கக் கூடாது. அந்த ஒரு வரி நீங்கியிராவிட்டால் லினக்ஸை வைத்துத் தொழில் செய்யும் ரெட் ஹாட் என்றொரு நிறுவனம் எழுந்திருக்காது, 2019இல் ஐபிஎம் அதை 3,400 கோடி டாலர் கொடுத்து வாங்கியுமிருக்காது.

டோர்வால்ட்ஸ் கழற்றி வைத்த அந்தத் தடையைத் துடைத்தெடுத்து மறுபடி மாட்டும் வேலை 2018 முதல் மும்முரமாக நடக்கிறது. திறந்த மூல உரிமம் ஒன்றை எடுத்துக்கொள்வது, அதன் கீழே ‘வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது’ என்ற பொருளில் ஒரு பத்தியை ஒட்டுவது, வாசலில் மட்டும் பழைய பெயர்ப்பலகையையே விட்டுவைப்பது. அன்னதானம் என்று பலகை வைத்துவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தவரிடம் பில் நீட்டுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சாப்பாட்டுக்குக் காசு கேட்பதில் தவறில்லை. பலகைதான் பொய்.

ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல் என்பதால் இந்தத் துறையில் பல பத்தாண்டுகளாகத் தீராத குழப்பம் உண்டு. தமிழில் அந்தச் சங்கடம் இல்லை. இங்குள்ள ஆர்வலர்கள் ‘கட்டற்ற மென்பொருள்’ என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். விலை இல்லை என்பது வேறு, கட்டு இல்லை என்பது வேறு. திறந்த மூலத்தின் இலக்கணத்தை வகுத்த ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் 1998இல் தொடங்கப்பட்டது. அது டெபியன் என்ற லினக்ஸ் திட்டத்தின் 1997ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களை அடியொற்றிப் பத்து விதிகளை வைத்திருக்கிறது. ஆறாவது விதி, எந்தத் துறையில் பயன்படுத்துகிறார் என்று பார்த்து யாரையும் விலக்கக் கூடாது என்கிறது. தொழில் நிறுவனத்தில் பயன்படுத்துவதையோ மரபணு ஆராய்ச்சியில் பயன்படுத்துவதையோ தடுக்கக் கூடாது என்று எடுத்துக்காட்டும் தருகிறது. ஆகவே வணிகத் தடையைச் சேர்த்த அந்த நிமிடமே உரிமம் திறந்த மூலப் பட்டியலிலிருந்து வெளியேறிவிடுகிறது.

தடை போட்டவர்கள் எல்லாரும் பேராசைக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரு சிறு குழு ஆண்டுக்கணக்கில் உழைத்து ஒரு தரவுத்தளத்தை உருவாக்குகிறது. மூலநிரலைத் திறந்து வைக்கிறது. அமேசான் போன்ற ஒரு கிளவுட் நிறுவனம் அதை அப்படியே எடுத்துத் தன் சர்வர்களில் நிறுவி, மணிக்கு இத்தனை என்று வாடகைக்கு விடுகிறது. வாடிக்கையாளர், பில், லாபம் எல்லாம் அங்கே போகின்றன. பிழை திருத்தச் சொல்லும் கடிதங்கள் மட்டும் இங்கே வருகின்றன. பயிரிட்டவர் ஒருவர், களத்திலிருந்து நெல்லை அள்ளிப் போனவர் வேறொருவர் என்றால் வயிறு எரியத்தான் செய்யும்.

2018 ஆகஸ்ட்டில் ரெடிஸ் லேப்ஸ் நிறுவனம், ரெடிஸ் தரவுத்தளத்துக்காகத் தான் எழுதிய சில துணை மாட்யூல்களின் உரிமத்தை மாற்றியது. அதுவரை அவை ஜிபிஎல் வகையைச் சேர்ந்த ஏஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் இருந்தன. இனி அபாச்சி 2.0 உரிமமும் அதன்மேல் ‘காமன்ஸ் கிளாஸ்’ என்ற ஒட்டுப்பத்தியும் என்றது. உரிமச் சட்டத்தில் பெயர்பெற்ற வழக்கறிஞர் ஹெதர் மீக்கர் எழுதிய அந்தப் பத்தி எந்த உரிமத்தின் மேலும் ஒட்டிக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டது. மேலே உள்ள உரிமம் என்ன உரிமைகளைத் தந்திருந்தாலும் விற்கும் உரிமை அதில் சேராது என்பதே அதன் சாரம். அபாச்சி உரிமத்தின் தலைப்பைப் பார்த்துவிட்டு நகர்ந்தவர்கள் ஏமாந்தார்கள். செய்தியை அரைகுறையாகக் கேட்டவர்களோ ரெடிஸ் தரவுத்தளமே மூடப்பட்டுவிட்டதாக நினைத்துப் பதறினார்கள். டெபியன், ஃபெடோரா ஆர்வலர்கள் சிலர் அந்த மாட்யூல்களின் பழைய உரிமப் பதிப்பிலிருந்து தனிக்கிளை தொடங்கினார்கள். ஆறே மாதத்தில், 2019 பிப்ரவரியில், அபாச்சி பெயரை ஒட்டி வைத்திருப்பது குழப்பம் தருகிறது என்று நிறுவனமே ஒப்புக்கொண்டு, சொந்தப் பெயரில் வேறொரு உரிமத்தை வெளியிட்டது.

ஒட்டுப்பத்தி நீதிமன்றம் வரை போன கதை இதைவிடச் சிக்கலானது. நியோ4ஜே என்பது சுவீடனில் தோன்றி, கலிஃபோர்னியாவில் தலைமையகம் வைத்திருக்கும் நிறுவனம். யாருக்கு யாரோடு தொடர்பு, எது எதோடு இணைகிறது என்று வலைபோலப் பின்னி வைக்கும் தரவுத்தளம் அதன் சரக்கு. 2018இல் வந்த 3.4 பதிப்பில், நிறுவனங்களுக்கான அதன் பெரிய பதிப்புக்கு ஏஜிபிஎல் மூன்றாம் பதிப்பையும் காமன்ஸ் கிளாஸையும் சேர்த்து ஒரே உரிமமாக்கியது.

அந்தக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தால் வேடிக்கை தெரியும். ஏஜிபிஎல் வாசகத்தின் ஏழாவது பிரிவு ஏறக்குறைய இப்படிப் பேசுகிறது: உங்கள் கைக்கு வந்த நிரல் இந்த உரிமத்துக்கு உட்பட்டது என்று சொல்லிவிட்டு, கூடவே இன்னொரு கட்டுப்பாட்டையும் போட்டிருந்தால், அந்தக் கூடுதல் கட்டுப்பாட்டை நீங்கள் நீக்கிவிடலாம். அதே கோப்பில் காமன்ஸ் கிளாஸ், விற்கும் உரிமை கிடையாது என்கிறது. ஒரே பத்திரத்தில் ஒரு பக்கம் ‘பூட்டு இருந்தால் உடைத்துக்கொள்’ என்கிறது, மறுபக்கம் பூட்டுத் தொங்குகிறது.

சிலர் உண்மையிலேயே உடைத்துப் பார்த்தார்கள். நியோ4ஜேயின் பழைய கூட்டாளியான ப்யூர்திங்க் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் கிராஃப் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பும், ஒட்டுப்பத்தியை நீக்கிவிட்டு வெறும் ஏஜிபிஎல் உரிமத்தோடு அதே நிரலை ஓஎன்ஜிடிபி என்ற பெயரில் வெளியிட்டார்கள். கட்டற்ற, திறந்த மூல மாற்று என்று விளம்பரமும் செய்தார்கள். நியோ4ஜே வழக்குத் தொடுத்தது. கலிஃபோர்னியாவின் வடக்கு மாவட்ட நீதிமன்றம் 2021 மே மாதம் நியோ4ஜே பக்கம் சாய்ந்தது. பதிப்புரிமை வைத்திருப்பவர் தன் சரக்கை எந்த நிபந்தனையோடும் தரலாம். ஏழாவது பிரிவு அவருக்குப் பின்னால் வருபவர்கள் கட்டுப்பாடு சேர்ப்பதைத்தான் தடுக்கிறது. பெற்றுக்கொண்டவர் அதை நீக்க முடியாது என்றது தீர்ப்பு. 2022 பிப்ரவரியில் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2024 ஜூலையில் விசாரணை முடிந்து 5,97,000 டாலர் இழப்பீடு விதிக்கப்பட்டது. அந்த விவகாரம் மறுபடி மேல்முறையீட்டுக்குப் போனது. ஏஜிபிஎல் வாசகத்தை இயற்றிய ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனே, தாங்கள் எழுதியதன் பொருள் அதுவல்ல என்று நீதிமன்றத்துக்கு விளக்க மனு கொடுத்தது.

பதிப்புரிமைச் சட்டத்தின்படி தீர்ப்பில் தர்க்கம் உண்டு. உடைமையாளர் தன் பொருளுக்கு விலை வைப்பதையும் நிபந்தனை வைப்பதையும் யாரும் தடுக்க முடியாது. ஆனால் அவர் தன் நிபந்தனைகளைச் சொந்தமாக எழுதிக்கொள்ளவில்லை. ஊரறிந்த உரிமத்தின் வாசகத்தை, அதன் ஏழாவது பிரிவு உட்பட, வரி மாறாமல் எடுத்து வைத்தார். பத்திரத்தில் இருக்கும் வரியைப் படித்து நம்பியவர் குற்றவாளி, முரணான இரண்டு வரிகளை ஒன்றாகக் கட்டிக்கொடுத்தவர் நிரபராதி என்றால், இனி உரிமக் கோப்பைப் படிக்கும் எவரும் அதில் உள்ள சொல்லை அப்படியே நம்ப முடியாது. திறந்த மூல உரிமங்களின் முழுப் பயனே வக்கீல் வைக்காமல் நம்பலாம் என்பதுதான். ஏஜிபிஎல் என்றால் எந்த ஊரிலும் ஒரே பொருள் என்ற அந்த உறுதியில் இந்தத் தீர்ப்பு ஓட்டை போட்டுவிட்டது.

பலகையை நேர்செய்துவிட்டால் போதுமா என்றால் போதாது. ‘வணிகம்’ என்ற சொல்லும் அத்தனை சாதுவானது அல்ல. காமன்ஸ் கிளாஸில் விற்பனை என்றால் நிரலைப் பெட்டியில் போட்டு விற்பது மட்டுமல்ல. அதன் பயனிலிருந்தே முழுமையாகவோ கணிசமாகவோ மதிப்புப் பெறும் எந்தச் சேவையையும் காசுக்குத் தருவது விற்பனைதான், நிறுவிக் கொடுத்து ஆலோசனை சொல்வதும் அதில் சேரும். எந்த அளவு போனால் கணிசம்? ஒரு மருத்துவமனைக்கு நோயாளிப் பதிவேட்டு மென்பொருள் செய்துகொடுக்கும் ஐந்து பேர் கொண்ட நிறுவனத்தை எடுத்துக்கொள்ளலாம். உள்ளே அந்தத் தரவுத்தளம் இருக்கிறது, திரைகள் எல்லாம் இவர்கள் எழுதியவை, மாதப் பராமரிப்புக் கட்டணமும் வாங்குகிறார்கள். இது விற்பனையா? வரையறை இவர்களுக்குப் பதில் சொல்லாது, வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரியும். கிளவுட் ஜாம்பவானைக் குறிவைத்துப் போட்ட வலையில் முதலில் சிக்குவது இப்படிப்பட்ட சிறு மீன்தான். ஜாம்பவானிடம் வக்கீல் படை இருக்கிறது, தனக்கென்று இன்னொரு தரவுத்தளம் எழுதிக்கொள்ளும் ஆள்பலமும் இருக்கிறது.

மென்பொருளுக்கு வெளியேயும் இதே வம்பு நடந்திருக்கிறது. அமெரிக்காவில் கிரேட் மைண்ட்ஸ் என்ற லாப நோக்கற்ற அமைப்பு, வணிகப் பயன்பாடு கூடாது என்னும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கணக்குப் பாடங்களை வெளியிட்டது. பள்ளிகள் அதைப் பிரதி எடுக்க ஃபெட்எக்ஸ் ஆபீஸ் கடையில் கொடுத்தன. நம் ஊர் ஜெராக்ஸ் கடை வேலைதான். பள்ளி பாடம் நடத்துகிறது, கடை பக்கத்துக்கு இத்தனை காசு என்று வாங்குகிறது. அந்தக் காசு வணிகம்தானே என்று அமைப்பு வழக்குப் போட்டது. பள்ளிக்கு உள்ள உரிமையைப் பள்ளியின் சார்பில்தான் கடை பயன்படுத்துகிறது என்று 2018இல் இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. ஆபீஸ் டிப்போ மீதான இன்னொரு வழக்கில் 2019இல் ஒன்பதாம் வட்டார நீதிமன்றமும் அதையே சொன்னது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கான ஜெராக்ஸ் வணிகமா இல்லையா என்று முடிவுசெய்ய இரண்டு மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் தேவைப்பட்டன.

சிலர் ஒட்டுவேலை செய்யாமல் தனிப் பெயரோடு புது உரிமம் எழுதினார்கள். மாங்கோடிபி என்ற தரவுத்தள நிறுவனம் 2018 அக்டோபரில் எஸ்எஸ்பிஎல் என்ற உரிமத்தைக் கொண்டுவந்தது. தரவுத்தளத்தைச் சேவையாக விற்பவர் கண்காணிப்பு, காப்புப் பிரதி, நிர்வாகம் என்று சேவையைச் சுற்றியுள்ள மொத்த நிரலையும் திறந்துவிட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. திறந்த மூல அங்கீகாரம் கேட்டு விண்ணப்பித்து, எதிர்ப்பு வலுத்ததும் 2019 மார்ச்சில் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. தேடல் மென்பொருள் நிறுவனமான எலாஸ்டிக் 2021 ஜனவரியில் அதே பாதையில் போனது. அமேசான் அதன் பழைய பதிப்பிலிருந்து ஓப்பன்சர்ச் என்ற கிளையைத் தொடங்கியது. 2023 ஆகஸ்ட்டில் ஹாஷிகார்ப், டெராஃபார்ம் உள்ளிட்ட தன் கருவிகளை பிஎஸ்எல் உரிமத்துக்கு மாற்ற, அடுத்த மாதமே ஓப்பன்டோஃபு என்ற கிளை லினக்ஸ் ஃபவுண்டேஷனில் சேர்ந்தது.

மரியாடிபி நிறுவனம் உருவாக்கிய பிஎஸ்எல் உரிமத்தில் ஒரு நேர்மை இருக்கிறது. இது திறந்த மூல உரிமம் அல்ல என்று அதன் வாசகமே சொல்லிவிடுகிறது. அதிகபட்சம் நான்கு ஆண்டுகளில் ஒவ்வொரு பதிப்பும் திறந்த மூல உரிமத்துக்கு மாறியாக வேண்டும் என்ற கெடுவும் உண்டு. பிடிக்காதவர் விலகிக்கொள்ளலாம், பிடித்தவர் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு காத்திருக்கலாம். யாரும் ஏமாற்றப்படவில்லை. ஹாஷிகார்ப் மீது கோபப்பட்டவர்கள் பெரும்பாலும் அந்த உரிமத்தின் வாசகத்துக்காகக் கோபப்படவில்லை. ஒன்பது ஆண்டுகளாகத் திறந்த உரிமத்தில் இருக்கிறது என்று நம்பித் தாங்களும் நிரல் எழுதிக் கொடுத்த பிறகு கதவு சாத்தப்பட்டதே என்றுதான் கொதித்தார்கள்.

திறந்த மூல வட்டாரமே மனமொப்பி ஏற்றுக்கொண்ட ஒரு விற்பனைத் தடையும் உண்டு. அதைத் தமிழர்கள் அன்றாடம் பயன்படுத்துகிறார்கள். லோஹித் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருக்கள் எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் உரிமத்தில் கிடைக்கின்றன. எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது என்கிறது அது. வேறு மென்பொருளோடு சேர்த்து விற்கலாம். ஒரு வரி வணக்கம் சொல்லும் குட்டி நிரலைச் சேர்த்தால்கூடப் போதும் என்று ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனே விளக்கியிருக்கிறது. அந்த எழுத்தில் கல்யாணப் பத்திரிகை அடித்து விற்கலாம், நாளிதழ் நடத்தலாம், படத்துக்குத் தலைப்புப் போடலாம். எது கூடாது என்பது ஒரு வரியில் தெளிவாக இருக்கிறது, பிழைப்பில் யாருக்கும் கைவைக்கவில்லை. தடையின் எல்லை விரல் வைத்துக் காட்டும்படி இருப்பதால் அந்த உரிமத்தைச் சுற்றி இப்படிப்பட்ட வழக்குகள் முளைக்கவில்லை.

இந்தப் பெயர்க் குழப்பம் இப்போது செயற்கை நுண்ணறிவுக்கு வந்திருக்கிறது. மெட்டா 2023 ஜூலையில் லாமா 2 மாதிரியை வெளியிட்டபோது அதைத் திறந்த மூலம் என்றே அழைத்தது. உரிமத்தில் பார்த்தால், வெளியீட்டுக்கு முந்தைய மாதத்தில் 70 கோடிப் பேருக்கு மேல் பயனர் வைத்திருந்த நிறுவனம் தனி அனுமதி வாங்க வேண்டும். இந்த மாதிரி தரும் விடைகளைக் கொண்டு வேறு மொழி மாதிரிகளை மேம்படுத்தக் கூடாது என்ற தடையும் இருந்தது. ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் உடனே மறுத்தது. அதே ஆண்டு நவம்பரில் லாமா 2இன் மேல் 16,000 தமிழ்ச் சொற்கூறுகளைச் சேர்த்து ‘தமிழ் லாமா’ என்ற மாதிரி வெளியானது. தமிழுக்கு அது நல்ல முயற்சி. ஆனால் லாமாவிலிருந்து பிறந்ததை இன்னொருவருக்குக் கொடுக்கும்போது மெட்டாவின் ஒப்பந்தத்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பதால், தாய் மாதிரியின் தடைகள் தமிழ்க் குழந்தைக்கும் பிறப்பிலேயே வந்துவிடுகின்றன. அதை எடுத்துத் தொழில் தொடங்குபவர் ‘திறந்த மூலம்தானே’ என்ற பேச்சை மட்டும் நம்பி இறங்கினால், சிக்கல் பின்னால் காத்திருக்கும்.

நிரல் எழுதுபவர் எப்படிச் சாப்பிடுவது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. வழிகள் இல்லாமல் இல்லை. மைஎஸ்கியூஎல், கியூடி போன்றவை ஜிபிஎல் வகை உரிமம் ஒருபுறம், மூலநிரலைத் திறக்க விரும்பாதவருக்கு விலைக்கு உரிமம் மறுபுறம் என்று இரட்டை வழியில் வருமானம் பார்த்தன. இணையம் வழியே சேவையாகத் தருபவரும் தன் திருத்தங்களைத் திறந்துவிட வேண்டும் என்று ஏஜிபிஎல் 2007 முதலே சொல்லிவருகிறது. பங்குச் சந்தைத் தரகு நிறுவனமான ஜெரோதா 2024 அக்டோபரில் ஃப்ளாஸ்/ஃபண்ட் என்ற நிதியைத் தொடங்கி, கட்டற்ற, திறந்த மூலத் திட்டங்களுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் ஒதுக்குவதாக அறிவித்தது. பயன்பெற்றவர் திருப்பித் தருவதற்கு இந்தியாவிலேயே கிடைத்த நல்ல எடுத்துக்காட்டு அது. இவை எல்லாம் போதாது என்று நினைக்கும் நிறுவனம் தாராளமாக வணிகத் தடை போடட்டும். தனிப் பெயரில், தனி வாசகத்தில், தலைப்பிலேயே ‘இது திறந்த மூலம் அல்ல’ என்று எழுதிப் போடட்டும். அரசு டெண்டர்களிலும் கல்லூரித் திட்டங்களிலும் ‘திறந்த மூல மென்பொருள்’ என்று கேட்பவர்களும், ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் அங்கீகரித்த உரிமம், எந்தக் கூடுதல் நிபந்தனையும் இல்லாமல், என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வது நல்லது.

தடை போட்டவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. எலாஸ்டிக் 2024இல் ஏஜிபிஎல் உரிமத்தையும் ஒரு தேர்வாகச் சேர்த்துக்கொண்டு பாதி வழி திரும்பியது. ரெடிஸ் நிறுவனம் 2024 மார்ச்சில் மையத் தரவுத்தளத்தையே பிஎஸ்டி என்ற திறந்த மூல உரிமத்திலிருந்து விலக்கியபோது, சில நாள்களிலேயே அமேசான், கூகுள், ஆரக்கிள் ஆதரவோடு வால்கி என்ற கிளை லினக்ஸ் ஃபவுண்டேஷனில் பிறந்தது. ரெடிஸை உருவாக்கிய சால்வடோரே சான்ஃபிலிப்போ அந்த ஆண்டு இறுதியில் நிறுவனத்துக்குத் திரும்பினார். 2025 மே மாதம் ரெடிஸ் 8 பதிப்பு ஏஜிபிஎல் உரிமத்தையும் ஒரு தேர்வாகக் கொண்டு வெளியானது. அதற்குள் ஃபெடோரா லினக்ஸ், 2024 அக்டோபரில் வந்த தன் 41ஆம் பதிப்பில், ரெடிஸ் இருந்த இடத்தில் வால்கியை உட்கார வைத்துவிட்டது.